விற்க மாட்டேன் என்று சொல்கிற சுதந்திரம்

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் கூட்டம் வடிந்த நேரத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் சர்டிபிகேட்டுகளோடு ஒரு தம்பி என் கவுண்டர் முன்னால் வந்து நின்றான். ஷூ கம்பெனிகளுக்கு மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற வேலையை எங்கள் பக்கத்தில் வெளியாட்களுக்கும் தருகிறார்கள். நாலு தையல் மெஷின் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே அதைச் செய்யலாம். அவன் அம்மாவும் அக்காவும் பத்து வருஷமாகக் கம்பெனிக்குள் அதே வேலையைச் செய்கிறவர்கள். மெஷின் விலை, நூல் விலை, கரண்டு பில், ஜோடிக்கு எத்தனை ரூபாய் வரும் என்று கணக்கெல்லாம் சுத்தமாகப் போட்டு வந்திருந்தான். நான் வெறும் குமாஸ்தா. கடன் கொடுக்கிற கை என்னுடையது இல்லை. அதிகாரி மேஜைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

மெஷின் என்ன விலை என்று கேட்பார் என நினைத்தேன். "ஊர்ல எந்தப் பக்கம்பா நீ?" என்று கேட்டார். தம்பி சொன்னான். அடுத்த கேள்வி, "ஜாமீனுக்குச் சொத்து இன்னா இருக்கு?"

சிறுதொழிலுக்கு 10 லட்சம் ரூபாய் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே எழுதிவிட்டது. அந்தச் சுற்றறிக்கை எங்கள் ஃபைலில் இருக்கிறது. ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்கக் கூடாது என்று மட்டும் யாரும் சுற்றறிக்கை எழுதவில்லை.

"அடுத்த வாரம் வா" என்றார். தம்பி மூணு வாரம் வந்தான். நாலாவது வாரம் வரவில்லை.

இதை ஏன் தலையங்கத்தில் எழுதுகிறேன் என்றால், சுதந்திரச் சந்தை நமக்கு நல்லதா கெட்டதா என்று நம்ம ஆட்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கம் இடதுசாரி நண்பர்கள். 1991 ஜூலையில் மன்மோகன் சிங் பட்ஜெட் வாசித்த நாளிலிருந்து நாடே அழிந்துவிட்டது என்பார்கள். அதற்கு முன்னால் நம்ம சேரியில் பாலும் தேனும் ஓடிய மாதிரி. இன்னொரு பக்கம் நம்மிலிருந்தே எழுந்த குரல். 2005இல் தலித் தொழில் வர்த்தக சபை தொடங்கப்பட்டதிலிருந்து, முதலாளியாகிச் சாதியை ஜெயிப்போம் என்கிறார்கள். சந்திர பான் பிரசாத் இதைத் தைரியமாகவே எழுதிவருகிறார். ரெண்டு பேரையும் திட்டுவதற்கு இந்தப் பத்திரிகையில் இடமில்லை. ரெண்டு பேரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இந்தப் பக்கம்.

சந்தை நமக்குக் கெடுதல் மட்டும் செய்யவில்லை. இதை ஒளிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கூலி நெல்லாக இருந்த காலத்தில் எப்போது அளப்பது, எந்தப் படியால் அளப்பது என்பதெல்லாம் பண்ணையார் வாயில் இருந்தது. காசு வந்தபோது அது கொஞ்சம் தளர்ந்தது. காசுக்குத் தீட்டு இல்லை என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். (அந்தக் காசையும் கையில் படாமல் மேலேயிருந்து போட்டவர்கள் உண்டு என்று அவர்களேதான் சொல்வார்கள்.) உத்தரப் பிரதேசத்தில் ஆஜம்கர், புலந்த்ஷகர் மாவட்டங்களில் ஒவ்வொரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள தலித் வீடுகளையெல்லாம் கணக்கெடுத்தார்கள். பிரசாத்தும் அந்த ஆய்வில் ஒருவர். 2010இல் வெளியான அந்தக் கட்டுரை, 1990க்கும் 2007க்கும் நடுவில் செத்த மாடு தூக்குவதும் பண்ணையில் ஏர் ஓட்டிக் கட்டுண்டு கிடப்பதும் பெருமளவு குறைந்துபோனதைச் சொல்கிறது. உண்மை. சந்தோஷம்.

ஆனா எதனால குறைஞ்சது? பண்ணையார் மனசு மாறியா? பையன்கள் ரயில் ஏறி வெளியூர் போனார்கள். பணம் அனுப்பினார்கள். ஊரில் இருந்த அப்பன், "ஏர் ஓட்ட வரமாட்டேன்" என்று முதல்முறையாகச் சொன்னான். அவனை விடுவித்தது சந்தையில் விற்ற பொருள் இல்லை. விற்க மாட்டேன் என்று சொல்ல முடிந்ததுதான் அவனை விடுவித்தது.

சந்தையின் முதல் விதியே இதுதான். விலை கட்டவில்லை என்றால் விற்கிறவன் மறுக்கலாம். தக்காளி வியாபாரி மறுக்கலாம், தங்கக் கடைக்காரர் மறுக்கலாம், பங்குச் சந்தையில் இருப்பவர் மறுக்கலாம். உழைப்பைத் தவிர விற்க எதுவும் இல்லாத நம்மாள் மறுத்தால் மட்டும் அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. 2016 ஜூலை 11 அன்று குஜராத்தில் ஊனாவுக்குப் பக்கத்தில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு குஜராத் தலித்துகள் இனி மாடு தூக்க மாட்டோம் என்றார்கள். சுரேந்திரநகரில் செத்த மாடுகளைக் கொண்டுபோய்க் கலெக்டர் ஆபீஸ் முன்னால் போட்டார்கள். பொருளாதாரப் புத்தகத்தின்படி அது வெறும் ஒரு விற்பனையாளரின் மறுப்பு. நாடே நடுங்கியது.

தோலை வைத்தே பேசுவோம். எங்கள் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக்குச் சோறு போடுவதும் அதுதான், பாலாற்றைக் கெடுத்ததும் அதுதான். ஆவாரம் பட்டை போட்டுப் பதப்படுத்திய அரைப் பதத் தோல்தான் ரொம்ப காலம் இங்கிருந்து சீமைக்குக் கப்பலேறியது. 1973இல் மத்திய அரசு பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. அரைப் பதத் தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. முழுத் தோலாக்கி, ஷூவாக்கி அனுப்பினால் நாட்டுக்கு அதிக டாலர் என்பது கணக்கு. கணக்கு தப்பில்லை. ஷூ கம்பெனிகள் வந்தன, நம் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேரியிலிருந்து கம்பெனி பஸ் ஏறினார்கள். 1989இல் ஜெர்மனி ஒரு ரசாயனத்துக்குத் தடை போட்டது. உடனே இங்கே தொட்டியில் ஊற்றும் மருந்து மாறியது. 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, தண்ணீர் சுத்திகரிக்காத தோல் ஷாப்புகளை மூடச் சொன்னது. நிலம் கெட்டவர்களுக்கு நஷ்டஈடு கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. நிலமே இல்லாதவனுக்கு அதில் என்ன பங்கு? சுண்ணாம்புக் குழியில் நின்று வெந்துபோன காலுக்குப் பட்டா கிடையாதே. 2015 ஜனவரி 31 ராத்திரி ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இந்தப் பிழைப்பு வேண்டாம் என்று நம் பிள்ளைகள் விலகிய இடத்தில், மறுக்க முடியாத இன்னொரு ஊர்க்காரன் வந்து படுத்திருந்தான்.

2025 பட்ஜெட்டில் காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. முழுதாய் முடிக்காத 'கிரஸ்ட்' தோலுக்கு இருந்த 20 சதவீத ஏற்றுமதி வரியை எடுத்துவிட்டார்கள். கதவை மூடினார்கள், திறந்தார்கள். நல்ல காரணம் ரெண்டுக்கும் உண்டு. ரெண்டு தடவையும் தோலைக் கையால் தொடுகிறவனை மட்டும் யாரும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் ஒரு கூத்து. சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்று பேசுகிறவர்களின் அரசுதான் 2017 மே மாதம், கால்நடைச் சந்தையில் அடிமாடாக மாடு விற்கக் கூடாது என்று விதி போட்டது. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை தடை கொடுத்தது, உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்க நீட்டித்தது. மாட்டுச் சந்தை என்றால் மட்டும் சுதந்திரம் கசக்கிறது.

என் அத்தை 22 வருஷம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தது. ரூபாய் மதிப்பு விழுந்தால் ஏற்றுமதிக்காரருக்குக் கொண்டாட்டம், அதே டாலருக்கு அதிக ரூபாய். அத்தைக்குக் கூலி கூடியதா என்றால் இல்லை. அம்பேத்கர் 1923இல் லண்டனில் வெளியிட்ட ரூபாயைப் பற்றிய புத்தகத்திலும், 1925இல் நாணயக் கமிஷன் முன்னால் சொன்ன சாட்சியத்திலும் இதைப் பிட்டுப்பிட்டு வைத்தார். ரூபாய் இறங்கும்போது விலைவாசி ஏறும், கூலி அதே வேகத்தில் ஏறாது. ஆகவே முதலாளிக்கு வரும் லாபம் அந்நியன் பையிலிருந்து வருவதல்ல, இங்கே கூலிக்காரனிடமிருந்து கைமாறுவது என்பது அவர் வாதம். 1991 ஜூலை 1, 3 தேதிகளில் ரெண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது, ஏற்றுமதி வளரும் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. வளர்ந்தது. யார் சட்டியிலிருந்து எடுத்து வளர்ந்தது என்று எழுத 1923லேயே ஒருத்தர் இருந்தார். நாம் அவரை அரசியல் சட்டப் புத்தகத்தோடு சிலையாக நிற்கவைத்துவிட்டோம். அவர் கக்கத்தில் ரூபாய்க் கணக்கும் இருந்தது.

அதே கதை எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் இறக்குமதி வரி போட்டது. எங்கள் தெருவில் அந்த மாசமே ஓவர்டைம் நின்றது. லாபம் வந்தபோது பங்கு கிடைக்காத அத்தையின் சேக்காளிகளுக்கு, நஷ்டம் வந்தபோது மட்டும் சுடச்சுடப் பங்கு கிடைத்தது. "சொதந்திரமாம் சொதந்திரம், வாரத்துல அஞ்சு நாளு சம்பளம்டா எங்க சொதந்திரம்" என்றது அத்தை.

ஏன் இப்படி மேலே ஏறுகிறது மேலேயே நிற்கிறது, இறங்குகிறது மட்டும் கீழே வருகிறது? கீழே இருப்பவனுக்குப் போக வேறு கதவு இல்லை. அதனால்தான். வேறு கதவு இல்லாமல் செய்வதற்குப் பேர்தான் சாதி. 1991இல் தொழில் லைசென்ஸை ரத்து செய்தார்கள். இந்த நாட்டின் ஆகப் பழைய லைசென்ஸை யாரும் ரத்து செய்யவில்லை. 2005 பொருளாதாரக் கணக்கெடுப்பை ஆராய்ந்தவர்கள் தலித்துகள் கையில் இருந்த தொழில்கள் 9.8 சதவீதம் என்றார்கள். அப்போது மக்கள்தொகையில் நாம் 16 சதவீதத்துக்கு மேல். அதில் பெரும்பகுதி ஒத்தை ஆள் கடைகள். 2012இல் 1000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர்களைச் சாதிவாரியாகப் பார்த்தார்கள். முன்னேறிய சாதிகள் சுமார் 93 சதவீதம். தலித், பழங்குடி ரெண்டு பேரும் சேர்த்து 3.5. போட்டியாம்.

கிராமத்தில் சமீப காலத்தில் திறந்த பெரிய கதவு எது என்று யோசித்தால், என் கண்ணுக்குத் தெரிவது தொழிற்பேட்டை இல்லை, நூறு நாள் வேலை. 2005 சட்டம். ஏரி வேலையில் ஊழல், பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஆயிரம் குறை சொன்னார்கள். பணம் கணக்கில் ஏறுகிற அன்றைக்கு என் கவுண்டரில் நிற்கிற கிழவிகளை நான் பார்த்திருக்கிறேன். ‘ஆளே கிடைக்கல, கூலி ஏறிப்போச்சு, விவசாயம் செத்துப்போச்சு’ என்று நிலக்காரர்கள் அழுத அழுகையும் கேட்டிருக்கிறேன். ஆள் கிடைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவர்கள் சொன்ன விலைக்கு ஆள் கிடைக்கவில்லை. சந்தை வேலை செய்கிறது என்று பொருளாதார அறிஞர்கள் கைதட்டியிருக்க வேண்டும். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். நாட்கள் 125 என்று ஏற்றினார்கள், சரி. அதோடு, விதைப்பும் அறுப்பும் மும்முரமாக நடக்கிற காலத்தில் வருஷத்துக்கு மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஒரு பிரிவையும் சேர்த்தார்கள். அதாவது கூலிக்காரன் பேரம் பேச முடிகிற அந்த ரெண்டு மாசம் பார்த்துக் கதவைச் சாத்து. கூலிச் செலவை முழுக்க மத்திய அரசே ஏற்ற நிலை போய், பெரும்பாலான மாநிலங்கள் மொத்தச் செலவில் 40 சதவீதத்தைச் சுமக்க வேண்டும் என்றும் வந்தது. தக்காளி விலை ஏறுகிற மாசத்தில் தக்காளியைக் கட்டாயமாகச் சந்தைக்கு இழுத்துவரச் சட்டம் போடுவார்களா?

அரசிடம் பணம் இல்லையாம். பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே விட்டுவிடப்படுகிறது என்று பார்ப்போம். அது கொஞ்சம் என் தொழில். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. குளிக்கிற சோப்புக்கு 18 சதவீதம், தங்கத்துக்கு 3 சதவீதம். எட்டு வருஷம் இப்படியே ஓடியது. 2025 செப்டம்பர் 22ஆம் தேதிதான் சோப்பு 5 சதவீதத்துக்கு இறங்கியது. (அதே நாளில் இந்தப் பத்திரிகை அச்சாகிற மேப்லித்தோ தாளுக்கு 12இலிருந்து 18 ஆக ஏற்றினார்கள். சந்தாவை உயர்த்தச் சொல்லும் நண்பர்களே, காரணம் இதுவும்தான்.) 2022 ஜூலையில் பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கும் 5 சதவீதம். நீங்க ஏழை, வரி கட்டுறதில்ல, எங்க வரியில படிக்கிறீங்க என்று நம் பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அழுக்குப் போகக் குளித்தவன் எட்டு வருஷம் 18 சதவீதம் கட்டினான் ஐயா. நகை வாங்கியவர் கட்டியது 3.

மறுபக்கம், 2019 செப்டம்பரில் கம்பெனிகளுக்கான வருமான வரியை 30இலிருந்து 22 சதவீதமாக்கினார்கள், சலுகைகளை விட்டுக்கொடுத்தால். புது உற்பத்திக் கம்பெனிக்கு 15. வருஷத்துக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வருமானம் போகும் என்று அரசே சொன்னது. வரியைக் குறைத்தால் முதலீடு வரும், வேலை வரும் என்பது வாதம். அதை எடுத்த எடுப்பில் கேலி செய்ய மாட்டேன். அளவுக்கு மீறிய வரி தொழிலைக் கொல்லும் என்பதும் உண்மைதான். ஆனால் 2024-25க்கான அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே என்ன சொன்னது? 2023-24இல் பெரிய கம்பெனிகளின் லாபம் 22.3 சதவீதம் கூடியது, வேலை 1.5 சதவீதம்தான் கூடியது. நான் சொல்லவில்லை, நிதி அமைச்சகத்தின் அறிக்கை.

இதையெல்லாம்விட எனக்கு உறுத்துவது இன்னொன்று. செத்தவரின் சொத்து மேல் வரி போடும் சட்டம் 1953இல் வந்தது, 1985இல் எடுத்துவிட்டார்கள். சொத்து வரி 1957இல் வந்தது, 2015 பட்ஜெட்டில் அதுவும் போயிற்று. வசூல் சொற்பம், தொந்தரவு அதிகம் என்றார்கள். இருக்கலாம். சட்டத்தைச் சரிசெய்து வசூலித்திருக்கலாம். சம்பாதித்ததற்கு வரி உண்டு, பொறந்ததுக்குக் கிடைத்ததற்கு வரி இல்லை என்றால் இது என்ன சந்தை? பிறப்பால் வருவதை இந்த நாடு தொடாது. சாதியாக இருந்தாலும் சரி, நிலமாக இருந்தாலும் சரி.

தகப்பன் சொத்து இல்லாதவனுக்கு இன்னொரு வழி, கடன். 1969 ஜூலை 19இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியபோதுதான் நம் தெருவுக்கு வங்கி என்ற வார்த்தையே வந்தது. அதிலும் தரகனும் கமிஷனும் புகுந்தன, மறைக்கவில்லை. 1991இல் நரசிம்மம் குழு, முன்னுரிமைக் கடன் 40 சதவீதம் வேண்டாம், 10 போதும் என்று எழுதியது. நல்லவேளை, அது நடக்கவில்லை. 2016இல் ‘ஸ்டாண்ட் அப் இந்தியா’ வந்தது. ஒவ்வொரு கிளையும் குறைந்தது ஒரு தலித் அல்லது பழங்குடிக்கும், ஒரு பெண்ணுக்கும் 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை தர வேண்டும் என்றிருந்தது. ஏழு வருஷம் முடிந்த 2023 மார்ச்சில் கணக்குப் பார்த்தால், 1 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம் கணக்குகளில் தலித்துகளுடையது 27 ஆயிரம்கூட இல்லை. கிளைகளோ லட்சத்துக்கு மேல். கிளைக்கு ஒருத்தர் என்பதே வரவில்லை. பணம் இல்லாததால் அல்ல. ‘எந்தப் பக்கம்பா நீ?’ அதுதான்.

ஆகவே சந்தை வேண்டுமா, அரசு வேண்டுமா என்று நம்மைக் கூப்பிட்டுக் கேட்பவர்களிடம் நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் திட்டத்தில் எங்கள் ஆள் ‘முடியாது’ என்று சொன்னால் அன்றைக்கு ராத்திரி அவன் வீட்டில் அடுப்பு எரியுமா? ரேஷன் அரிசியும், அறுப்புக் காலத்திலும் நிற்காத வேலையும், ஜாமீன் கேட்காத கடனும் இருந்தால் எரியும். அதற்கு அப்புறம் வரட்டும் உங்கள் சந்தை. நாமும் சரக்கோடு வருவோம்.

தலித் கடன் விண்ணப்பத்தைப் பற்றி ரிசர்வ் வங்கி விதி ஒன்று உண்டு. கிளையே அதை நிராகரிக்கக் கூடாது; ஒரு படி மேலே உள்ள அதிகாரிதான் நிராகரிக்கலாம், அதுவும் காரணத்தைத் தெளிவாக எழுதி. அதனால்தான் எந்தக் கிளையும் நிராகரிப்பதில்லை. ‘அடுத்த வாரம் வா’ என்பதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை பாருங்கள்.

போன வெள்ளிக்கிழமை அந்தத் தம்பியின் விண்ணப்பத்தைத் தேடி எடுத்தேன். பதிவேட்டில் ஏறாமல், காலண்டருக்கு அடியில் கிடந்தது. பதிவேட்டில் ஏற்றி, எண் போட்டு, ரெண்டு சுற்றறிக்கையின் நகலையும் மேலே பின் குத்தி அதிகாரி மேஜையில் வைத்தேன். "தர முடியாதுன்னா மேலே அனுப்புங்க சார், காரணத்தோட" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "நீ எந்தப் பக்கம்பா?" என்று மட்டும் கேட்கவில்லை. அது அவருக்கு ஏற்கனவே தெரியும்.

தம்பிக்குப் போன் போட்டேன். கம்பெனி பஸ்ஸுக்குள் இருந்து பேசினான். "திங்கக்கிழமை லீவு சொல்லிட்டு வரேண்ணே" என்றான்.